ஒரே வைஃபையில் கம்ப்யூட்டர் ஓடுகிறது, போன்கள் மட்டும் மாறி மாறி நிற்கின்றன: சேர்வர் கேர்னலில் பிழையா?

ஆலையடிவேம்பான்

அண்ணன்மாரே, யாராவது கொஞ்சம் பாருங்கள். சம்மாந்துறைப் பக்கம் ஒரு நெல் ஆலைக்கு நிறை பதியும் சிஸ்டம் ஒன்றைப் பார்த்துக்கொள்கிறேன். பெரும்போக அறுவடை நேரம், வாசலில் லொறியும் உழவு மெஷின் பெட்டியும் வரிசையாக நிற்கின்றன. தராசடியில் நிற்கும் பொடியன்கள் மூடைக் கணக்கு, நிறை, ஈரப்பதம் மூன்றையும் அண்ட்ரொய்ட் போனில் அடிப்பார்கள், அது வெளிநாட்டில் வாடகைக்கு எடுத்திருக்கும் சேர்வருக்குப் போய்ச் சேர வேண்டும்.

கந்தோரில் இருக்கும் விண்டோஸ் கம்ப்யூட்டரில் ஒரு நாளும் பிரச்சினை இல்லை. போனில்தான் கூத்து. ஒரு போன் மட்டும் இருந்தால் நன்றாக ஓடும். இரண்டாவது, மூன்றாவது போன் வந்ததும் ஏதோ ஒன்று சுற்றிக்கொண்டே நிற்கும். பொடியன்கள் போனை ஓஃப் பண்ணி ஓன் பண்ணினால் இன்னும் மோசம். மேற்பார்வையாளர் ஐயாவின் பழைய போன் மட்டும் ஒரு தடவையும் நிற்பதில்லை. எல்லாரும் கையை எடுத்துவிட்டு ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டு வந்தால், முதலில் தொட்டவனுக்கு வேலை செய்யும். ரவுட்டரை மாற்றியும் பார்த்தாயிற்று. முதலாளி என்னைத்தான் பார்க்கிறார்.

காத்தான்குடி காக்கா

தம்பி, நெல் ஆலை என்றால் தகரக் கூரை, உமித்தூசி, மோட்டார் எல்லாம் இருக்கும். சனல் நெரிசலைப் பார்த்தீர்களா? 2.4ல் இருந்தால் 5க்கு மாற்றிப் பாருங்கள்.

ஆலையடிவேம்பான்

பார்த்தேன் காக்கா. சிக்னல் நிறைய இருக்கிறது. நிற்கிற போனிலேயே யூடியூப் ஓடுகிறது, சேர்வருக்குப் பிங் அடித்தால் அதுவும் போகிறது. எங்கள் சிஸ்டம் மட்டும்தான் திறக்கவில்லை.

பொத்துவில்_அலை

எம்டியு, அதாவது ஒரு பக்கெட் எவ்வளவு பெரிதாக இருக்கலாம் என்ற வரம்பு. கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். பிபிபிஓஇ வகை லைன் என்றால் 1492 பைட்தான் போகும், பெரிய பக்கெட் வழியில் செத்துவிடும், அதைச் சொல்ல வேண்டிய ஐசிஎம்பி அறிவிப்பை நடுவில் யாரோ அடைத்து வைத்திருப்பான். ரவுட்டரில் எம்எஸ்எஸ்ஸை, அதாவது ஒரு பக்கெட்டுக்குள் போகும் தரவின் அளவை, குறைத்துவிடுங்கள்.

கல்லடிப்பாலம்

எம்டியு என்றால் இணைப்பு கிடைத்த பிறகு, பெரிய பக்கம் வரும்போதுதான் தொங்கும். விண்டோஸ் கம்ப்யூட்டரும் அதே லைனில் போகிறது, அதற்கும் அடிக்க வேண்டுமே. ஊகத்தை விடுங்கள். சேர்வரில் டிசிபிடம்ப் என்ற பக்கெட் பிடிக்கும் கருவியை ஓட விட்டு, ஆலையின் வெளி ஐபியில் இருந்து வரும் சின் பக்கெட்டுகளையும் (இணைப்புக் கேட்டு வரும் முதல் பக்கெட்) அவற்றுக்குப் போகும் பதில்களையும் மட்டும் பிடித்துப் போடுங்கள். ஐபியை மறைத்துவிட்டுப் போடுங்கள்.

ஆலையடிவேம்பான்

பிடித்தேன் அண்ணே. சுருக்கமாகச் சொல்கிறேன்.

ஐயாவின் போன்: சின் வருகிறது, உடனே சின்-அக் என்ற சம்மதப் பதில் போகிறது, எல்லாம் சரி. அதன் டைம்ஸ்டாம்ப், அதாவது அனுப்பும் கருவி பக்கெட்டில் போடும் கடிகார எண், 418722310.

பொடியனின் போன்: சின் வருகிறது, பதில் ஒன்றுமே இல்லை. ஒரு வினாடி கழித்து அதே சின் திரும்ப வருகிறது, பிறகு இரண்டு வினாடி, பிறகு நான்கு வினாடி. சேர்வர் வாயே திறக்கவில்லை, மறுப்புக் கூட அனுப்பவில்லை. டைம்ஸ்டாம்ப் 9034112.

விண்டோஸ்: சின், சின்-அக். அதில் டைம்ஸ்டாம்ப் என்று ஒன்றே இல்லை.

ஃபயர்வாலை ஒரு நிமிடம் முழுதாக நிறுத்திப் பார்த்தேன், அப்போதும் இதே கதைதான்.

பொத்துவில்_அலை

சரி, சின்னுக்கே பதில் இல்லை என்றால் எம்டியு இல்லை. சின் பக்கெட் நூறு பைட் கூட வராது.

கல்லடிப்பாலம்

இப்போதுதான் விஷயத்துக்கு வந்திருக்கிறோம். பக்கெட் சேர்வரின் கார்டு வரை வந்துவிட்டது, ஃபயர்வாலும் இல்லை, ஆனாலும் கேர்னல், அதாவது சேர்வர் இயங்குதளத்தின் மையப் பகுதி, சத்தமில்லாமல் தூக்கி எறிகிறது. மூன்று விஷயம் வேண்டும். கேர்னல் பதிப்பு என்ன? நெட்ஸ்டாட் -எஸ் கொடுத்தால், டைம்ஸ்டாம்ப் காரணமாக நிராகரித்த உள்வரும் இணைப்புகள் என்று ஒரு வரி வரும், அதில் எண் ஏறுகிறதா? கவனம், நடந்துகொண்டிருக்கும் இணைப்புகளில் நிராகரித்தது என்று கிட்டத்தட்ட அதே மாதிரி இன்னொரு வரியும் இருக்கும், அது வேறு. மூன்றாவது, கேர்னல் அமைப்புகளை எழுதி வைக்கும் சிஸ்சிடிஎல் கோப்பில் டிசிபி என்று தொடங்கும் வரிகளைப் போடுங்கள்.

ஆலையடிவேம்பான்

சென்ட்ஓஎஸ் 7, கேர்னல் 3.10. பொடியன் ஒவ்வொரு தடவை அமர்த்தும்போதும் அந்த எண் ஏறுகிறது, கண் முன்னால் பார்த்தேன். சிஸ்சிடிஎல் கோப்பை எனக்கு முன்னால் இருந்தவர் எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். மேலே "ஸ்பீட் டியூனிங்" என்று ஒரு குறிப்பு, அதன் கீழே டிடபிள்யூ_ரீசைக்கிள் 1, டிடபிள்யூ_ரீயூஸ் 1, ஃபின்_டைம்அவுட் 15, சோமாக்ஸ்கான் 1024.

களுவாஞ்சிக்குடி_பைட்

டிடபிள்யூ_ரீசைக்கிள். அதேதான். முதலில் அதை 0 ஆக்கிவிட்டு வந்து மிச்சத்தை வாசியுங்கள். சிஸ்சிடிஎல் கட்டளையில் நேரடியாகக் கொடுத்தாலே போதும், ரீபூட் தேவையில்லை. கோப்பிலும் மாற்றுங்கள், சிஸ்சிடிஎல்.டி அடைவுக்குள் வேறு யாராவது இதே வரியைப் போட்டு வைத்திருக்கிறார்களா என்றும் பாருங்கள்.

இனி ஏன் என்று சொல்கிறேன். டிசிபி இணைப்பு ஒன்று முடியும்போது முதலில் மூடியவர் பக்கத்தில் டைம்-வெயிட் என்ற நிலை மிஞ்சும். லினக்ஸில் அது 60 வினாடி. வழியில் தாமதமான பழைய பக்கெட் ஒன்று, அதே ஐபி அதே போர்ட்டில் புதிதாகத் திறந்த இணைப்புக்குள் நுழைந்து குழப்பக் கூடாது என்பதற்காகத்தான் அது இருக்கிறது. சேர்வரில் ஆயிரக்கணக்கில் இந்த டைம்-வெயிட்டைப் பார்த்துப் பயந்தவர்களுக்காக ரீசைக்கிள் என்று ஒரு குறுக்கு வழி இருந்தது. 60 வினாடி காத்திருக்காமல் சீக்கிரமே விடுவித்துவிடும். பழைய பக்கெட்டை எப்படிக் கண்டுபிடிப்பது? அதற்கு டைம்ஸ்டாம்ப். எதிர் ஐபி கடைசியாகக் காட்டிய டைம்ஸ்டாம்ப்பைக் கேர்னல் குறித்து வைத்துக்கொள்ளும். அடுத்த 60 வினாடிக்குள் அதே ஐபியில் இருந்து அதைவிடக் குறைந்த எண்ணோடு ஒரு சின் வந்தால், பழைய குப்பை என்று எறிந்துவிடும்.

இதில் "அதே ஐபி" என்பதைக் கவனியுங்கள். போர்ட் இல்லை, ஐபி மட்டும். ஒரு ஐபிக்குப் பின்னால் ஒரே ஒரு மெஷின், அதற்கு ஒரே ஒரு கடிகாரம் என்று நினைத்து எழுதிய கோட் அது. உங்கள் ஆலையில் ஒரே ரவுட்டருக்குப் பின்னால் நாலைந்து போன், எல்லாம் நாட் (NAT, பல கருவிகளை ஒரே வெளி ஐபியில் அனுப்பும் முறை) ஆகி ஒரே ஐபியில் வெளியே போகின்றன. ஒவ்வொன்றின் கடிகாரமும் வேறு.

பழைய அண்ட்ரொய்ட் கேர்னலில் டைம்ஸ்டாம்ப் என்பது போன் ஓன் ஆகி எவ்வளவு நேரம் என்பதுதான், பல போன்களில் வினாடிக்கு 100 வீதம் ஏறும். ஐயாவின் 418722310ஐ நூறால் வகுத்து நாளாக்கிப் பாருங்கள், 48 நாள் வரும். மனுஷன் போனை ஓஃப் பண்ணுவதே இல்லை! பொடியனின் போன் ஒரு நாளும் ஒரு மணித்தியாலமும்தான் ஓடியிருக்கிறது. ஐயாவின் இணைப்பு மூடி ஒரு நிமிடத்துக்குள் பொடியன் வந்தால் வெளியே. ரீஸ்டார்ட் பண்ணினால் எண் அடியில் இருந்து தொடங்குகிறது, அதனால்தான் இன்னும் மோசமாகிறது. தேத்தண்ணி குடித்துவிட்டு வந்தால் 60 வினாடி கழிந்துவிடுகிறது. விண்டோஸ் தானாக டைம்ஸ்டாம்ப் போட்டு அழைப்பதில்லை, ஒப்பிட எண்ணே இல்லாததால் அதை ஒன்றும் கேட்பதில்லை.

ஆலையடிவேம்பான்

0 ஆக்கினேன். ஐந்து போனும் ஒன்றாக ஓடுகின்றன. ஐயாவிடம் போய் "உங்கள் போன்தான் மற்ற எல்லாப் போனையும் வெளியே தள்ளியிருக்கிறது" என்று சொன்னேன், அவருக்குப் பெருமை.

காத்தான்குடி காக்கா

மாஷா அல்லாஹ். ஆனால் ஒரு கேள்வி. என் கடை ரவுட்டரின் வெளிப் பக்க ஐபி 100.64 என்று தொடங்குகிறது. அப்படியென்றால் ஊரில் முகம் தெரியாத ஆட்களோடு ஒரே வெளி ஐபியைப் பகிர்கிறேன். அவன் போன் பழையது என்றால் என் இணைப்பும் போகுமா?

கல்லடிப்பாலம்

அவரும் அதே சேர்வருக்குப் போனால் மட்டும்தான் காக்கா. கணக்கை வைத்திருப்பது சேர்வர், உங்கள் நெட்வேர்க் கம்பனி இல்லை. அந்த 100.64 தொகுதியை இப்படிப் பெரிய அளவில் நாட் பண்ணுவதற்கென்றே 2012ல் ஒதுக்கினார்கள். ஒரு மாவட்டமே ஒரு சில ஐபிக்குள் அடங்கலாம். மட்டக்களப்பில் பலர் பார்க்கும் தளம் ஒன்றின் சேர்வரில் இந்த வரி 1 ஆக இருந்தால் என்ன நடக்கும் என்று நினைத்துப் பாருங்கள். ஆட்கள் சிக்னலைத்தான் திட்டுவார்கள்.

வந்தாறுமூலை_3ம்_வருடம்

அண்ணே, நான் கம்பசில் நெட்வேர்க் படிக்கிறேன். இதைச் செய்து பார்க்கலாம் என்று 3.10 கேர்னல் உள்ள ஒரு வேர்ச்சுவல் மெஷினைச் சேர்வர் ஆக்கி, இன்னொரு 3.10 மெஷினில் இரண்டு நெட்வேர்க் நேம்ஸ்பேஸ் (ஒரே மெஷினுக்குள் தனித்தனியாகப் பிரித்த நெட்வேர்க்) போட்டு இரண்டையும் நாட் பண்ணினேன். ரீசைக்கிள் 1 தான். ஆனால் பிழை வரவே இல்லை, எல்லா இணைப்பும் போகிறது. ஏன்?

களுவாஞ்சிக்குடி_பைட்

நல்ல இடத்தில் மாட்டியிருக்கிறீர்கள் தம்பி. நேம்ஸ்பேஸ் இரண்டு என்றாலும் கேர்னல் ஒன்றுதான், அதனால் கடிகாரமும் ஒன்றுதான். 3.10ல் இரண்டு பக்கமும் ஒரே எண்ணைத்தான் காட்டும், அது எப்போதும் ஏறிக்கொண்டே போகும், சேர்வருக்குச் சந்தேகமே வராது. இரண்டு தனி வேர்ச்சுவல் மெஷின் வேண்டும், ஒன்றை அரை மணித்தியாலம் பிந்தி ஓன் பண்ணுங்கள். இல்லையென்றால் உங்கள் லப்டொப்பின் புதுக் கேர்னலிலேயே அந்த நேம்ஸ்பேஸ்களைப் போடுங்கள். 4.10இல் இருந்து டைம்ஸ்டாம்ப்போடு ஒரு இரகசிய எண்ணைக் கூட்டித்தான் அனுப்புகிறது, அப்போது இரண்டும் வேறுபடும்.

இன்னொன்று. இணைப்பைச் சேர்வர் முதலில் மூட வேண்டும். கிளையண்ட் மூடினால் டைம்-வெயிட் அந்தப் பக்கம் போய்விடும், சேர்வர் எதையும் குறித்துக்கொள்ளாது.

வந்தாறுமூலை_3ம்_வருடம்

வந்துவிட்டது! லப்டொப்பில் இரண்டு நேம்ஸ்பேஸ், ஒன்று போகிறது, மற்றது தொங்குகிறது. சேர்வரில் "ஐபி டிசிபி_மெட்ரிக்ஸ்" கொடுத்தால் நாட் ஐபிக்கு நேரே டிடபிள்யூ_டிஎஸ் என்று கடைசி எண்ணும் எத்தனை வினாடிக்கு முன் என்பதும் தெரிகிறது. 60ஐத் தாண்டியதும் மற்றது உள்ளே போகிறது.

கேர்னல் கோட்டில் (code) அந்த இடத்தையும் தேடினேன். டிசிபி_ஐபிவி4.சி கோப்பில், புதிய இணைப்பு வரும்போது ஓடும் ஃபங்ஷனுக்குள் இருக்கிறது. ரீசைக்கிள் ஓனா, சின்னில் டைம்ஸ்டாம்ப் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, டிசிபி_பியர்_இஸ்_ப்ரூவன் இல்லை என்று சொன்னால் எண்ணியை ஏற்றிவிட்டு ட்ரொப் பண்ணுகிறது. ஆறேழு வரிதான். இதைத் திருத்த முடியாதா? ஐபியோடு போர்ட்டையும் சேர்த்துக் குறித்து வைத்தால் போதுமே?

களுவாஞ்சிக்குடி_பைட்

போர்ட்டைச் சேர்த்தால் என்ன மிஞ்சும் என்று பாருங்கள். எதிர் ஐபி, எதிர் போர்ட், நம் ஐபி, நம் போர்ட் நான்கையும் வைத்து 60 வினாடி ஒரு குறிப்பு. அதுதான் சாதாரண டைம்-வெயிட். எதை நீக்க ரீசைக்கிள் வந்ததோ அதையே திரும்ப எழுதியிருப்பீர்கள். சாதாரண டைம்-வெயிட்டிலேயே, அதே நான்கும் பொருந்தி, கூடிய டைம்ஸ்டாம்ப்போடு சின் வந்தால் லினக்ஸ் ஏற்றுக்கொள்ளும். அங்கே அந்த ஒப்பீடு சரி, ஒரே முனையின் பழைய எண்ணையும் புதிய எண்ணையும்தான் ஒப்பிடுகிறது. ஐபி அளவுக்கு விரித்த இடத்தில்தான் தவறு. நாட் ரவுட்டருக்குப் பின்னால் எத்தனை பேர் என்று பக்கெட்டைப் பார்த்துச் சேர்வர் அறிய வழியில்லை.

இந்த யோசனை எங்கிருந்து வந்தது என்பதும் சுவாரசியம். டைம்ஸ்டாம்ப்பை வரையறுத்த ஆர்எஃப்சி 1323 என்ற இணைய விதி ஆவணம் வந்தது 1992 மே. அதன் பின்னிணைப்பில், எதிர் மெஷினுக்கு ஒன்றாகக் கடைசி டைம்ஸ்டாம்ப்பைச் சேமிக்கலாம் என்று ஒரு வழியைச் சொல்லிவிட்டு, இது எங்கள் பரிந்துரையின் பகுதி இல்லை என்றும் எழுதியிருக்கிறார்கள். நாட் பற்றிய ஆர்எஃப்சி 1631 வந்தது 1994 மே. எழுதிய காலத்தில் ஒரு ஐபி ஒரு மெஷின் என்பது நியாயமான நினைப்புத்தான். பிறகு உலகம் மாறியது, வரி அப்படியே கிடந்தது.

கடைசியில் ஆணி அடித்தது அந்த 4.10. அது 2017 பெப்ரவரி. டைம்ஸ்டாம்ப்பைப் பார்த்து நாட் ரவுட்டருக்குப் பின்னால் எத்தனை கருவி இருக்கிறது என்று எண்ணலாம், ஆளைப் பின்தொடரலாம் என்பதால் ஒவ்வொரு இணைப்புக்கும் அந்த இரகசிய எண்ணை விலக்கமாகக் கூட்டினார்கள். அதோடு, நாட் இல்லாத ஒற்றை மெஷின் கூட முன்னுக்குப் பின் முரணான எண்ணைக் காட்டத் தொடங்கியது. ரீசைக்கிளுக்கு நிற்க நிலமே இல்லை. அதே 2017 யூலையில் வந்த 4.12இல் முழுதாக வெட்டி எறிந்துவிட்டார்கள். திருத்தவில்லை, எடுத்துவிட்டார்கள். நான் பார்த்தவரை அதுதான் சரியான பட்ச் (கோட் திருத்தம்).

பொத்துவில்_அலை

எனக்கு அதில் உடன்பாடில்லை. பயனர் பக்கத்தை உடைக்கக் கூடாது என்று பெரிய சட்டம் பேசுகிற ஆட்கள், ஒரு அமைப்பையே தூக்குவது என்ன நியாயம்? எச்சரிக்கை ஒன்றைப் பதிவேட்டில் எழுதிவிட்டு வைத்திருக்கலாம். தனி நெட்வேர்க்குக்குள், நாட் இல்லாத இடத்தில், யாராவது பாவித்திருப்பார்கள்.

கல்லடிப்பாலம்

எச்சரிக்கை இல்லாமலா இருந்தது? நிபுணர் சொல்லாமல் தொட வேண்டாம் என்று கேர்னல் ஆவணத்திலேயே இருந்தது, மான் பக்கம் என்ற கையேட்டில் நாட் என்று குறிப்பிட்டே எழுதியிருந்தது. ஆனாலும் இணையத்தில் "சேர்வரைப் பறக்க வைக்கும் வரிகள்" என்று ஒருவர் போட்டதை நூறு பேர் வெட்டி ஒட்டினார்கள், ஆலையடிவேம்பான் தம்பிக்கு முன்னால் இருந்தவர் உட்பட. எறிந்த பக்கெட்டுக்கு ஒரு வரி பதிவு கூட எழுதாமல் ஒரு எண்ணியை மட்டும் ஏற்றிவிட்டுப் போகிற கோட் வரிகளை, எத்தனை பேர் கண்டுபிடிப்பார்கள்?

தனி நெட்வேர்க் என்றாலும் 4.10க்குப் பிறகு அது சரியாக வேலை செய்யாது, மேலே சொல்லியாயிற்று. உடைந்த சாமானைத்தான் எடுத்தார்கள்.

பொத்துவில்_அலை

விலக்கத்தை விட்டுவிட்டு ரீசைக்கிளை வைத்திருக்கலாம் என்பேன். சரி, தனியுரிமை முக்கியம் என்பீர்கள். அப்படியே இருக்கட்டும். ஆனால் டைம்-வெயிட் நிறைந்து மெமரி போனால் என்ன செய்வது?

களுவாஞ்சிக்குடி_பைட்

நிறையட்டுமே. டைம்-வெயிட் முழு சொக்கெட் இல்லை, சில நூறு பைட் உள்ள சின்னக் குறிப்பு. 40,000 கிடந்தாலும் பத்து மெகாபைட் அளவில்தான் வரும். பிரச்சினை வருவது வெளியே போகும் பக்கத்தில். ஒரு சேர்வர் இன்னொரு சேர்வரின் ஒரே போர்ட்டுக்குத் திரும்பத் திரும்ப இணைந்தால், தற்காலிகப் போர்ட்டுகள் 28,000 சொச்சம்தான், 60 வினாடிக்கு வகுத்தால் வினாடிக்கு 470 இணைப்போடு முட்டும். அதற்கு ரீயூஸ் உதவும், அது வெளியே போகும் இணைப்புக்கு மட்டும், நாட் வழியாக வருபவரை அடிப்பதில்லை. அதைவிட இணைப்பைத் திறந்து வைத்துத் திரும்பப் பாவிப்பது நல்லது.

காத்தான்குடி காக்கா

ஒரு இடத்தில் வாசித்தேன், ரீசைக்கிளை வைத்துக்கொண்டு டைம்ஸ்டாம்ப்பையே 0 ஆக்கினால் சரி என்று. அது எப்படி?

கல்லடிப்பாலம்

பல் வலிக்குத் தலையை எடுப்பது அது காக்கா. டைம்ஸ்டாம்ப் இல்லாவிட்டால் ரீசைக்கிளும் வேலை செய்யாது, அதனால் பிழை மறைந்த மாதிரி இருக்கும். ஆனால் டிசிபி வரிசை எண் 32 பிட், 4 ஜிபி அனுப்பியதும் முதலில் இருந்து தொடங்கும். 1 ஜிபிபிஎஸ் லைனில் அது 34 வினாடி. பழைய பக்கெட்டையும் புதியதையும் பிரித்துக் காட்ட டைம்ஸ்டாம்ப்தான் இருக்கிறது. சின் வெள்ளத்தாக்குதல் வந்து சின் குக்கீ என்ற தற்காப்பு இறங்கும்போதும், வேகத்துக்கு உதவும் சக், விண்டோ ஸ்கேலிங் விவரங்களை லினக்ஸ் அந்த டைம்ஸ்டாம்ப்புக்குள்தான் ஒளித்து அனுப்புகிறது. இல்லாவிட்டால் அவற்றையும் இழப்பீர்கள்.

வந்தாறுமூலை_3ம்_வருடம்

4.12இல் நீக்கிய பட்ச்சை 3.10 மூலத்தில் கையால் போட்டுக் கம்பைல் பண்ணினேன். ஐபிவி6 பக்கமும் வெட்ட வேண்டியிருந்தது, மெட்ரிக்ஸ் கோப்பில் இருந்த டைம்ஸ்டாம்ப் நினைவகத்தையும் எடுத்தேன். பூட் ஆகிறது, இரண்டு நேம்ஸ்பேஸும் போகின்றன. அண்ணே, ஆலைச் சேர்வரில் இதைப் போடலாமா?

களுவாஞ்சிக்குடி_பைட்

படிப்புக்கு மிக நல்லது தம்பி, அந்தப் பட்ச்சை வைத்துக்கொள்ளுங்கள், நேர்முகத்தேர்வில் காட்டலாம். ஆலைக்கு வேண்டாம். அங்கே ஒரு வரியை 0 ஆக்கினாலே முடிந்தது. கையால் கட்டிய கேர்னலைப் போட்டால் அதன் பாதுகாப்புத் திருத்தங்களை இனி யார் கட்டுவது? அதுவும் சென்ட்ஓஎஸ் 7இன் ஆயுளே 2024 யூன் 30உடன் முடிந்துவிட்டது. செய்ய வேண்டிய வேலை சேர்வரையே மாற்றுவது. அறுவடை முடியட்டும்.

ஆலையடிவேம்பான்

அறுவடை முடிந்தது, மாற்றினேன். அல்மாலினக்ஸ் 9, கேர்னல் 5.14. பழைய சிஸ்சிடிஎல் கோப்பை அப்படியே கொண்டுவந்து போட்டேன், டிடபிள்யூ_ரீசைக்கிள் என்று ஒரு கோப்பே இல்லை என்று பிழை காட்டுகிறது. -இ போட்டால் பிழை காட்டாதாம், போடட்டுமா? ஃபின்_டைம்அவுட் 15 என்பதை விட்டு வைக்கலாம்தானே, அது டைம்-வெயிட்டைக் குறைக்கிறது என்று குறிப்பில் இருக்கிறது.

களுவாஞ்சிக்குடி_பைட்

-இ போடாதீர்கள், வரியை அழியுங்கள். அது இல்லாத சாவிகளைச் சத்தமில்லாமல் தாண்டிவிடும், நாளைக்கு நீங்களே எழுத்துப்பிழையாக ஒன்று எழுதினாலும் தெரியாது.

ஃபின்_டைம்அவுட் டைம்-வெயிட்டைத் தொடுவதே இல்லை, அது ஃபின்-வெயிட்-2 என்ற வேறு நிலைக்கு. டைம்-வெயிட்டின் 60 வினாடி கேர்னல் கோட் வரிகளுக்குள் நிலையாக எழுதியது, சிஸ்சிடிஎல்லில் மாற்ற முடியாது. குறிப்பு எழுதியவர் இரண்டையும் குழப்பியிருக்கிறார்.

ஆலையடிவேம்பான்

சரி அண்ணே, ரீயூஸ் உட்பட மூன்றையும் எடுத்துவிட்டேன். சோமாக்ஸ்கான் 1024 மட்டும் இருக்கிறது. காத்திருக்கும் வரிசையைக் கூட்டுவதுதானே, அதில் கெடுதல் ஒன்றும் இல்லையே?

கல்லடிப்பாலம்

பழைய கேர்னலில் அதன் இயல்பு அளவு 128, அங்கே அந்த வரி கூட்டியது. 5.4இல் இருந்து இயல்பே 4096. உங்கள் புதுச் சேர்வரில் அதே வரி 4096ஐ 1024 ஆகக் குறைத்துக்கொண்டிருக்கிறது.

ஆலையடிவேம்பான்

அதையும் எடுத்தாயிற்று. கோப்பில் இப்போது "ஸ்பீட் டியூனிங்" என்ற தலைப்பு மட்டும்தான் மிச்சம்.